வெறும் தட்டின் எடை

கடைத்தெருவில் அவரைத் தராசுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். முள் தராசோ மின்சாரத் தராசோ, எது கோளாறு செய்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வந்ததும் முதல் வேலை, தட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் தட்டைப் பார்ப்பது. அது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், எடைக்கல்லைத் தொடுவதற்கு முன்பே வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிடுவார்: "இது பொய் சொல்லுது."

இப்பேர்ப்பட்ட மனுஷருடைய போனில்தான் மகள் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குத் திரும்பினாள். அவள் அம்மா இறந்து அப்போது நாலு மாதம். தினமும் காலையில் போனைப் பார்த்து, 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழும். மேலே மகள் பெயரும் இருந்தது; இவர் குறி அவள் போனிலும், அவள் குறி இவர் போனிலும் தெரியும். அதில் விடிவதற்குள் குறி விழுந்திருக்கும். தன்னைத் தூண்டிவிடத்தான் அவளும் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கோ அது வேப்பங்காயாய்க் கசந்தது. ஒரு தம்ளர், ஒரு தட்டு, கட்டிலில் சுருக்கமே விழாத ஒரு பாதி. இதற்கு நடுவில் நின்றுகொண்டு குறையில்லை என்பது யார் காதில் பூச்சுற்ற? ஆனாலும் மகளுக்காகச் சொன்னார். வந்தது வினை. குறி விழுகிறதே, அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று அவள் நிம்மதியாகிவிட்டாள். வாரத்துக்கு மூன்று முறை வந்த போன் ஒன்றானது, பிறகு அதுவும் நின்றது. பேச ஆளில்லாமல் மனுஷர் தவித்துப்போனார்.

ஒரு நாள் காய்ச்சலில் சொல்லாமல் விட்டுவிட்டார். ஒன்பது மணிக்கே போன் வந்தது. சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அடுத்த வாரம் வேண்டுமென்றே விட்டார்.

"ஏம்ப்பா, இன்னிக்குச் சொல்லல?"

மழுப்பத்தான் நினைத்தார். வாய் கேட்கவில்லை.

"தட்டு காலியா இருக்கும்மா. அஞ்சு கிலோன்னு எப்படிச் சொல்றது? நீ கூப்பிடணும்னுதான் விட்டேன்."

"சரிப்பா, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள். இந்த வயதில் இப்படி அசடு வழிந்தோமே என்று அன்று முழுக்க அவருக்குக் கை ஓடவில்லை.

மறுநாள் காலை, இனி பிள்ளையைப் படுத்தக் கூடாது என்று மூன்று தடவையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் குறி விழுந்திருந்தது. மகள் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஏழாயிற்று, எட்டும் ஆயிற்று. கடைத்தெருவில் ஒருவர் தராசோடு காத்திருந்தார். இருக்கட்டும் என்று மகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இன்னிக்குச் சொல்லலியா?"

"இல்லப்பா. இங்கயும் காலித் தட்டுதான். நீங்க கூப்பிடுவீங்களான்னு பாத்தேன்."