புண்ணுக்குச் சிங்களத்தில் என்ன?

போதைத் தூள் பாவிப்பவருக்குப் புத்தி சொல்ல ஊரே திரண்டு வரும். அவருடைய புண்ணைக் கழுவத்தான் ஆள் வராது. சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு தொண்டுக் குழுவில் என் வேலை அந்தப் புண்ணைக் கழுவுவது. இப்படியொரு வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் படும் பாடு விளங்கும்.

முதல் கேள்வி

பவளம் கட்டைபறிச்சானிலிருந்து இடம்பெயர்ந்து பாலையூற்றில் ஒரு கொட்டிலில் இருந்தவர். உடம்பை விற்றுத்தான் சீவியம். தூள் ஊசி ஏற்றிய இடம் சீழ்பிடித்து, கை முழங்கைவரை வீங்கியிருந்தது. முதலில் தூளை விடட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார் எங்கள் குழுத் தலைவர். நல்ல மனிதர்தான், ஆனாலும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கை போன பிறகு விட்டு என்ன பயன் என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். பவளத்திடம் தூளைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“விட்டிட்டியோ எண்டு கேக்காத முதல் ஆள் நீங்கள்தான் மிஸ். இனித்தான் கேக்கப் போறியளோ?”

சாவடியில்

ஆஸ்பத்திரிக்குப் போக இராணுவச் சாவடியைத் தாண்டவேண்டும். அந்த நாட்களில் தமிழர் உடம்பில் புண் இருந்தால் அது சண்டையில் பட்ட காயம் என்றே எடுப்பார்கள். அதற்குப் பயந்துதான் பவளம் கையை மூடி மறைத்துத் திரிந்தார். புண்ணுக்குச் சிங்களத்தில் ‘துவாலய’ என்று வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஆமிக்காரன் அவருடைய கைக்கட்டைக் காட்டி என்னவென்று கேட்டதும் நாக்குப் புரண்டு ‘துவக்குவ’ என்றுவிட்டேன். அது நம்முடைய துவக்கேதான், துப்பாக்கி. அவன் தன்னுடைய துவக்கை நிமிர்த்தினான். பவளம் முன்னே வந்து, கட்டை அவிழ்த்துப் புண்ணைக் காட்டி, ‘துவாலய, குடு’ என்றார். குடு என்றால் தூள். அவன் அவருடைய காலடியில் காறித் துப்பிவிட்டு வழிவிட்டான். எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது.

“அழாதேங்கோ மிஸ். புலி எண்டால் பிடிப்பாங்கள், குடுகாரி எண்டால் துப்புவாங்கள். துப்பினதைத் துடைக்கலாம்.”

கதிரை

இப்படிப்பட்டவளைக் குடும்பப் பெண்களுக்குப் பக்கத்தில் படுக்கவைக்க ஏலாது என்றார் ஆஸ்பத்திரித் தாதி. கட்டில் தரும்வரை எழும்புவதில்லை என்று அவருடைய கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பொழுதுபடக் கட்டில் கிடைத்தது. கை தப்பியது.

பவளம் தூளை விடவில்லை. பார்த்தீர்களா என்றார் தலைவர். பார்த்தேன்: கொஞ்ச நாளில் அவர் அந்தத் தப்பிய கையால், காலில் புண்ணை மறைத்துத் திரிந்த தோப்பூர் நாட்டாமை ஒருவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் நாட்டாமை என்றால் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். அந்த மனிதர் என் வாசலில் நின்று தயங்க, பவளம் அவருக்குச் சொன்னது இது:

“பயப்படாதேங்கோ, மிஸ் தூளை விடச் சொல்லமாட்டா. சாவடியில அவவைச் சிங்களம் கதைக்க மட்டும் விட்டிடாதேங்கோ.”

அன்றிலிருந்து நான் சாவடியில் வாயைத் திறக்கவுமில்லை, ஆஸ்பத்திரியிலும் குழுக் கூட்டத்திலும் அதை மூடவுமில்லை.