மீதி என்றால் கழி

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பிள்ளைகளையெல்லாம் மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் சேர்த்து, அட்டை டீச்சர் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த அம்மாள் அசரவில்லை. கணக்கில் வரும் சொற்களை அட்டையில் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டினார். ‘மொத்தம்’ பச்சை அட்டை, கூட்ட வேண்டும். ‘மீதி’ சிவப்பு அட்டை, கழிக்க வேண்டும். சொல்லைப் பிடித்தால் போதும், கணக்கு தானாக வந்துவிடும் என்பது அவர் கட்சி. வீட்டில் கணவர் “டீ மீதி இருக்கா?” என்று கேட்டால்கூடக் கழித்துப் பார்த்துத்தான் சொல்வார் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம்.

பிள்ளைகள் மளமளவென்று தேறினார்கள். கேள்வித்தாள் எழுதியதும் அதே அம்மாள்தான் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

இரட்டைச்சடை மட்டும் தேறவில்லை. எந்தக் கணக்கானாலும் கண்ணை மூடி யோசிக்கிற பெண். மூன்றாம் வகுப்பில் ஏற்கெனவே ஒருமுறை தங்கிவிட்டாள். இந்த முறையும் தங்கினால் இரண்டாம் வகுப்பிலிருந்து தங்கை வந்து பக்கத்தில் உட்காருவாள். அவள் அம்மா வந்து கண்கலங்கினாள்.

“தங்கச்சி கூட உக்காரச் சொன்னா, இவ பள்ளிக்கூடத்துப் பக்கமே வரமாட்டா டீச்சர். எப்படியாவது தேத்தி விடுங்க.”

சுவரின் புகழ் கேட்டுப் பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். நாங்களெல்லாம் பின்னால் நின்றோம். அவரே ஒரு கணக்குக் கேட்டார்.

“ஒரு பொண்ணு மூணு பழம் சாப்பிட்டா. மீதி அஞ்சு இருக்கு. முதல்ல எத்தனை இருந்துச்சு?”

வகுப்பு மொத்தமும் சிவப்பு அட்டையைப் பார்த்தது. “ரெண்டு!”

“ஒரே குரல்! அருமை!” என்றார் அதிகாரி, கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

இரட்டைச்சடை எழுந்தாள். “எட்டு சார். ரெண்டே ரெண்டு இருந்தா மூணு எப்படித் தின்ன முடியும்?”

அட்டை டீச்சருக்குச் சுருக்கென்றது. எட்டுதான் சரி என்று அவர் முகமே சொன்னது. ஆனால் எதிரே தலைமையாசிரியர் முறைத்துக்கொண்டு நிற்கிறாரே.

“மீதின்னா என்ன அட்டை, சொல்லும்மா?” என்று அவளைக் கேட்டார்.

“சிவப்பு டீச்சர்.”

“சிவப்புன்னா?”

“கழிக்கணும்.”

“அப்போ?”

அவள் சுவரைப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள். “ரெண்டு டீச்சர்.”

எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த ஆண்டு இரட்டைச்சடை நல்ல மதிப்பெண்ணோடு நான்காம் வகுப்புக்குப் போனாள். அவள் அம்மா ஓடி வந்து அட்டை டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்! முன்னல்லாம் ஒரு கணக்குக்கு அரைமணி நேரம் யோசிப்பா. இப்ப யோசிக்கறதே இல்ல!”