ஒரு சாண் இறக்கம்

எனக்கு எழுபத்தெட்டு வயசு. பெற்றது நாலு, நாலையும் படிக்க வைத்தேன். நேற்றுப் பேத்தி கட்டம் போட்ட தாளில் ரெண்டு புள்ளி வைத்து, "எவ்வளவு இறங்குதுன்னு மட்டும் பாத்தாப் போதாது அப்பாயி, எவ்வளவு தூரத்துலன்னும் பாத்து வகுக்கணும். அதுதான் சாய்வு" என்றாள்.

எங்கள் கிணற்று மேட்டு ஈரமண் வாசம் வந்துவிட்டது. கிணற்றை ஒட்டிய சோளக்காட்டுக்கு ஒரு சாண் இறக்கத்தில் வாய்க்கால் நன்றாக ஓடியது. தூரத்துக் கடலைக்காட்டுக்கும் என்னைப் பெற்ற எங்கய்யன் அதே ஒரு சாண்தான் விட்டார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான், முளைக்குச்சியில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, "அது எட்டத்துல கெடக்குதுங்கய்யா, ஒரு சாண் பத்தாதுங்க" என்றேன்.

"வாத்தியாரம்மா, கயித்தப் புடிங்க" என்று சிரித்தார்.

தண்ணீர் பாதியிலேயே தேங்கி நின்றது. கடலை காய்ந்த அந்த வருசமே என் பள்ளிக்கூடத்தை நிறுத்தி எடப்பாடிக்குத் தறி வேலைக்கு அனுப்பினார்கள்.

என் பேத்தி சாமி, நீ படிக்கத்தான் இதை எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறேன். எங்கய்யனிடம் நான் சொன்னதை மட்டும் சத்தமாப் படி.