பெயர் இல்லாத ஐந்து வரிகள்

2003, இலையுதிர் காலம். ஜெர்மனியின் ஹனோவரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். வடகடல் ஓரத்து அருங்காட்சியகம் ஒன்று, கிழக்கே வழி தேடிப் புறப்பட்ட ஆரம்பகால ஆங்கிலேயக் கப்பல்களைப் பற்றிக் கண்காட்சி வைக்க இருந்தது. ஒரு கப்பலின் பழைய குறிப்பேட்டைக் கணினியில் ஏற்றும் பகுதிநேர வேலை எனக்குக் கிடைத்தது. அந்தப் பயணத்தில் இறந்தவர்களின் பெயர்களைக் கண்ணாடிச் சுவரில் பொறிக்கப் போகிறார்கள் என்றார்கள்.

ஐந்து வரிகள் மட்டும் மக்கர் செய்தன. 'சோழமண்டலக் கரையில் ஏற்றிய படகோட்டி, புயலில் கடலோடு போனான்' என்ற அளவுதான். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் என் புரோகிராம் நின்றுவிடும். ஐந்தையும் அழித்தேன். நானும் அதே கரைக்காரன், நாகப்பட்டினத்துக்காரன் என்பது அப்போது உறைக்கவே இல்லை. வேலை சீக்கிரம் முடிந்ததில் சந்தோஷம் வேறு!

திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். அங்கே காவலர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். சுவரை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, பட்டியலை ஏற்றியவன் நான் என்று அறிந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, எங்கட பக்கம் போன கப்பல்தானே இது? எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லையோ?"

"இல்லண்ணே" என்றேன். நாக்கு கூசவில்லை.

"என்ர தம்பி மீன்பிடிக்கப் போனவன், திரும்பி வரேல்லை. செத்திட்டான் எண்டு பதியச் சொல்லி அம்மா அலையாத இடமில்லை. உடம்பு இல்லாமல் எழுத ஏலாதாம். இந்த ஆக்களுக்கெண்டாலும் பேர் எழுதி வச்சிருக்கினம்" என்று சுவரைத் தடவினார்.

மறுவாரம் கண்காட்சிப் பொறுப்பாளரிடம் போய் ஐந்து வரிகளை அழித்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பொறித்த கண்ணாடியை இனி மாற்ற முடியாது என்றார். நான் கெஞ்சிய பிறகு, சுவருக்குக் கீழே ஒரு சின்ன அட்டை வைத்தார்கள்: 'மேலும் ஐந்து படகோட்டிகள், சோழமண்டலக் கரை.'

காவலரை அழைத்துக் காட்டினேன். குனிந்து படித்தார்.

"அப்ப அண்டைக்கு எனக்குப் பொய்யே சொன்னனீங்கள்?"

அவ்வளவுதான் கேட்டார். கண்காட்சி முடியும்வரை நான் போனபோதெல்லாம் கதவைத் திறந்துவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்றும் எந்தப் படிவத்திலாவது காலிக் கட்டத்தைப் பார்த்தால் மனம் கனத்துவிடுகிறது. அந்த ஐந்து பேரைக் கடல் ஒருமுறை கொண்டுபோனது, நான் இன்னொருமுறை கொண்டுபோனேன்.