கோமதியின் டிகிரியை லேமினேட் செய்த கதை

இதை எழுத ஐந்து வருடம் தயங்கினேன். எட்டாவது படித்தவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான்.

திருத்தணியில் மலைப்படிக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ், ஸ்கேனிங், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்துப் பெண் கோமதி, ஐரோப்பாவில் மேல்படிப்பு ஸ்காலர்ஷிப்புக்கு என் கடையிலிருந்துதான் எல்லாம் அனுப்பினாள். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற படிப்பு. இரண்டு முறை கிடைக்கவில்லை. மூன்றாம் முறை முருகன் கண் திறந்தான். ஃபீஸ், தங்கும் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அவர்களே தருவார்களாம்.

அன்று ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னால் ஆன பரிசாக, ஓரத்தில் ஒரு சிட்டிகை விபூதி வைத்து லேமினேட் செய்துவிட்டேன். அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பத்து நாளில் திரும்பி வந்தாள். சர்டிபிகேட்டின் பின்பக்கம் அரசாங்க முத்திரை வேண்டுமாம். பிளாஸ்டிக் மேல் போட முடியாது என்று திருப்பிவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். அவள் திட்டவில்லை.

"உரிக்க முடியுமாணா?"

ஓரத்தை உரித்துப் பார்த்தேன். எழுத்தும் கூடவே வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

தொலைந்துபோச்சு என்று எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்குங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்றார் பக்கத்துக் கடைக்காரர். முருகன் காலடியில் உட்கார்ந்து பொய் எழுத மனம் வரவில்லை. அவளைக் கேட்காமல் நான் செய்த தவறு என்று என் கையால் எழுதி எடுத்துக்கொண்டு, மறுநாள் ரயிலில் அவளோடு சென்னைக்குப் போனேன்.

பல்கலைக்கழகக் கவுன்டரில் இருந்த அம்மா சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள இன்னா வெள்ளையா கீது?"

"விபூதிங்க."

"ஏங்க, சர்டிபிகேட்டுக்கு ஜுரமா?"

கவுன்டரே சிரித்தது. நான் தலை குனிந்தேன். அவர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "தொலைஞ்சுதுன்னா போலீஸ் பேப்பர் வாங்கியாரணும். அதுக்கே ஒரு மாசம் ஆயிடும். கெட்டுப்போனத கையோட குடுத்துட்டீங்க, அது போதும்."

மூன்றாம் வாரம் டூப்ளிகேட் வந்தது. கெடு முடிவதற்குள் முத்திரையும் விழுந்தது.

அதை ஜெராக்ஸ் எடுக்க வந்தவள் என் கையில் கொடுக்கவில்லை. அவளே கண்ணாடி மேல் வைத்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணா, அந்த மிஷினு ஆஃப்லதான கீது?"

பிளக்கையே பிடுங்கிக் காட்டினேன். அப்போதுதான் சிரித்தாள். விபூதியை அவள் நெற்றியில் வைத்தேன்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறவர்களே, ஒரிஜினலை லேமினேட் செய்யாதீர்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் இரக்கப்பட்டு என் தவறைக் குறைத்துவிட வேண்டாம். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.