கடைசித் தண்ணீரில் விளைந்த உப்பு

எங்கள் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டத்தின்போது பாறசாலையில் என் அண்ணன் ஒளிந்திருந்த வீட்டைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் ஊர் மளிகைக்கடை முதலாளி. லாக்கப்பில் அடித்த அடியில் அண்ணனுக்கு ஒரு கால் விளங்காமல் போனது.

நான் அப்போது தெற்கே கடலோரத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தேன். பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் தண்ணீரை வெளியே விட்டுவிடுவோம். அதையும் காயவிட்டால் வெள்ளையாகப் படியும். ஆனால் கசக்கும், ஈரக்காற்று பட்டால் உருகிவிடும். அந்தக் கோடையில் அதை வேண்டுமென்றே காயவிட்டுக் குவித்துவைத்தேன். சரக்கெடுக்க வந்த முதலாளியின் கண் அதில்தான் விழுந்தது.

"இதுக்கு மட்டும் ஏம்லே வெலை கொறவு?"

"கடைசித் தண்ணியில வெளைஞ்சதாக்கும், மொதலாளி."

நான் பொய் சொல்லவில்லை. அவர் ஒரு கல்லை வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்காமலே அத்தனையையும் மூட்டை கட்டி வாங்கிப்போனார்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கியதும் மூட்டைகள் உருகி, கடையிலிருந்த அரிசியெல்லாம் கசப்புநீரில் ஊறியது. முதலாளி எங்கள் முற்றத்தில் வந்து நின்று அழுதார்.

"எலே, என்னைக் கெடுத்திட்டியே."

"போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி ஒமக்குத் தெரியும்லா? போய்ச் சொல்லும்," என்றேன். தலைகுனிந்து போனார்.

அண்ணன் பின்னாளில் அவரை மன்னித்துவிட்டார். என்னால் இன்றும் முடியவில்லை. முயன்று பார்க்கவும் இல்லை.