ஒன்று எங்கே?

மேகாங் கழிமுகத்தில் தலைப்பிள்ளையை யாரும் ‘ஒன்று’ என்று கூப்பிடுவதில்லை. தலைப்பிள்ளை என்றால் பேய்க்கு ஆசை அதிகம். அதை ஏமாற்றத்தான் எண்ணிக்கையை இரண்டில் தொடங்குவார்கள். லாயும் தன் மகன்கள் மூவரையும் ரெண்டு, மூணு, நாலு என்றே அழைத்து வளர்த்தாள். கடைக்குட்டி வயிற்றில் இருந்தபோதே கணவனைப் பிரெஞ்சுக்காரன் குண்டுக்குப் பறிகொடுத்தவள் அவள். பிள்ளைகள் விஷயத்தில் பேயோடு விளையாட அவளுக்குத் தைரியம் இல்லை.

பிரெஞ்சுக்காரன் போய் அமெரிக்கன் வந்தான். 1967இல் ஒரு மத்தியானம் அமெரிக்கச் சிப்பாய்களின் படகு லாயின் தென்னந்தோப்பில் ஒதுங்கியது. அது தெரியாமல் அவள் அடுப்படியிலிருந்து, “ரெண்டு, மூணு, நாலு, சோறு ஆறுது, வாங்கடா” என்று குரல் கொடுத்தாள். கூட வந்த மொழிபெயர்ப்பாளன் ஹுவே நகரத்தான். அந்தப் பக்கம் மூத்தவனை மூத்தவன் என்றே சொல்வார்கள்; ரெண்டு என்றால் இரண்டாம் பிள்ளைதான். அவன் காதில் விழுந்ததை அப்படியே அதிகாரியிடம் ஒப்பித்தான். அதிகாரி பையன்களை எண்ணினார். மூன்று பேர்தான் இருந்தார்கள்.

“ஒண்ணு எங்கன்னு கேக்குறாரு, அத்தை. காட்டுல கெரில்லாக்களோட சேந்துட்டானாம்ல?”

அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்றாள் லாய். பேய்க் கதையையும் சொன்னாள். மொழிபெயர்ப்பாளனே சிரித்தான். இல்லாத ஊருக்கு வழி கேட்பவனுக்கு யார் என்ன சொல்லிப் புரியவைப்பது? சிப்பாய்கள் தண்ணீர் ஜாடியை உடைத்தார்கள், பன்றிப்பட்டியைக் குத்திக் கிளறினார்கள். ஒருவன் தீப்பெட்டியோடு ஓலைக்கூரையின் கீழ் போய் நின்றான். சின்னவன் அழத் தொடங்கினான்.

மூத்தவன் ரெண்டு முன்னால் வந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது.

“வீட்ட விடச் சொல்லுங்க. நான்தான் ஒண்ணு.”

பிறந்ததிலிருந்து அவள் மறைத்து வைத்திருந்த எண் அது. லாய் பாய்ந்துபோய் அவன் வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல் வெளியே வந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டி அவனைப் படகில் ஏற்றினார்கள். கூரை மட்டும் தப்பித்தது.

அவன் திரும்பவில்லை. எந்த முகாமில் விசாரித்தாலும் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள்.

1975இல் சண்டை ஓய்ந்தது. குடும்பக் கணக்கெடுக்க, ஜெயித்த வடக்கிலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்தார். நல்ல மனிதர், லாய் கொடுத்த தேநீரை மரியாதையாகக் குடித்தார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். மூணும் நாலும் என்றாள்.

அவர் நிமிர்ந்தார். “அப்போ ஒண்ணும் ரெண்டும் எங்கம்மா?”

லாய் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணுன்னு எனக்கு யாரும் கிடையாதுய்யா. அவனத் தேடி வந்தவங்க ரெண்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க.”